குடும்பம் ஓட்டுன வண்டி

எங்கள் வீட்டு முற்றத்தில் எப்போதும் மூன்று நான்கு கார்கள் நிற்கும். அவற்றில் ஒன்றுகூட எங்களுடையதில்லை என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, பெரிய சாலையை ஒட்டி எங்களுக்குப் பத்து சென்ட் இருந்தது. அதற்கு முன்பு அந்த மண் பெரிய வீட்டுக்காரருடையது. அப்பா அவர் மண்ணில் குடியிருந்து அவருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். குடியிருக்கிறவனுக்கே குடியிருப்பு சொந்தம் என்று சட்டம் வந்தபோது, பெரிய வீட்டுக்காரர் ஆற்றோரத்து நல்ல பூமியை விட்டுவிட்டு சாலையோரத்துத் துண்டைக் காட்டினாராம். லாரிப் புகையும் செம்மண் புழுதியும் படிந்து அங்கே ஒன்றும் காய்க்காது என்று அவருக்குத் தெரியும். உண்மையிலேயே ஒன்றும் காய்க்கவில்லை. ஆனால் ஊரில் பாதி ஆண்கள் கல்ஃபுக்குப் போய், விடுப்பில் வந்து கார் தேட ஆரம்பித்தபோது, சாலையைப் பார்த்த அந்தத் துண்டு போல ஓர் இடம் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. அப்பா முன்னால் நின்ற இரண்டு தென்னைகளை வெட்டிவிட்டு சரல்கல் கொட்டி நிரப்பினார். பெயர்ப்பலகை எதுவும் வைக்கவில்லை. பலகை வைத்தால் வருகிறவன் கடைக்கு வருவதுபோல வருவான், சந்தேகத்தோடு வருவான் என்பார். வீட்டுக்கு வருவதுபோல வர வேண்டுமாம்.

பழைய கார் வாங்குவதில் அப்பாவை ஏமாற்ற முடியாது என்று ஊரில் சொல்வார்கள். மழை பெய்யும்போது வண்டி பார்க்கப் போகமாட்டார். நனைந்த தகட்டில் ஒடுக்கும் தெரியாது, பூசி மறைத்த சாயமும் தெரியாது. கைக்குட்டையில் ஒரு காந்தத்தைச் சுற்றி வைத்திருப்பார். கதவோரமாக அதை நகர்த்திக்கொண்டே போவார். எங்கே ஒட்டாமல் நழுவுகிறதோ அங்கே இரும்பு இல்லை, பூச்சு. உள்ளே குனிந்து விரிப்பை முகர்ந்தால் வெள்ளத்தில் முங்கிய வண்டியா என்று சொல்லிவிடுவார். விற்கிறவன் முன்கூட்டியே இயந்திரத்தை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஆறட்டும் என்று வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார்.

இதெல்லாம் வாங்குவதற்கான அறிவு. விற்பதற்கு வேறு அறிவு வைத்திருந்தார். தேய்ந்த பல்சக்கரங்கள் அலறாமல் இருக்க, கியர் எண்ணெயோடு பொடித்த மரத்தூளைக் கலந்து ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு மாதம் தாங்கும். ஒரு மாதத்துக்குப் பிறகு வண்டி வேறொருவருடையது.

அவருடைய அறிவில் ஆகச் சிறந்தது நாங்கள்தான். வாங்குகிற வீட்டில் பெரும்பாலும் பெண்களே இருப்பார்கள். கணவன்மார் கடலுக்கு அப்பால் இருந்து கடிதத்தில் உத்தரவு அனுப்பியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை முடிந்ததும், அம்மாவை முன்னாலும் என்னைப் பின்னாலும் உட்காரவைத்து, விற்க வேண்டிய வண்டியிலேயே அந்த வீட்டுக்குப் போவார். போகிற வழியில் சும்மா எட்டிப்பார்ப்பதுபோல. “நம்ம குடும்பம் ஓட்டுன வண்டியாக்கும்” என்பார். அந்த வீட்டுப் பெண் என்னிடம் குனிந்து, “மோளு இதிலயா பள்ளிக்குப் போறது?” என்று கேட்பாள். நான் ஆமாம் என்பேன். அது பொய்யில்லை. அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் அப்பா என்னை அந்த வண்டியில் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டிருப்பார். மகள் பொய் சொல்லக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர்.

வகுப்பில் மற்ற பிள்ளைகள் எல்லாம் நடந்து வந்தார்கள். நான் மட்டும் மாதத்தில் நாலைந்து நாள் காரில் வந்து இறங்கினேன். ஒவ்வொரு முறையும் வேறு நிறக் கார். என்மேல் அப்பாவுக்கு அவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அந்த வெண்ணெய் நிறக் கார் வந்தது. தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு தரகரிடம் வாங்கியது. வேறொருவர் முன்பணத்தோடு வந்துகொண்டிருக்கிறார் என்று தரகர் அவசரப்படுத்தியிருக்கிறார். வெளியே நல்ல மழை. அப்பா அம்மாவின் தாலிச் சங்கிலியைத் தவிர மற்ற நகையை எல்லாம் அடகு வைத்து அதை எடுத்துக்கொண்டு வந்தார். மழை விட்டதும் முற்றத்தில் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தவர், சாப்பிடக் கூப்பிட்ட பிறகும் வெளியே வரவில்லை. சரலின்மேல் நீட்டியிருந்த அவருடைய இரண்டு பாதங்களும் அசையாமல் கிடந்ததைப் பார்த்து நான் பயந்துபோய் அம்மாவை அழைத்தேன். பிறகு எழுந்து வந்து, கிணற்றடியில் கையைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

ஏதோ பெரிய விபத்தில் அந்தக் காரின் அடிச்சட்டம் முறிந்திருக்கிறது. பற்றவைத்து, மேலே தார் பூசி மறைத்திருக்கிறார்கள். அப்பாவைப் போலவே தொழில் தெரிந்த ஒருவன் செய்த வேலை.

ஐந்து மாதம் அது முற்றத்தில் நின்றது. ஒருவர் பூவாற்றிலிருந்து கூடவே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். மெக்கானிக் அடியில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார். அம்மா கொண்டுவந்த சாயாவைக் குடிக்காமலே இருவரும் போய்விட்டார்கள்.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. அவருக்கு மூன்று வயது இருக்கும்போது தாய் இறந்துபோனதால், பத்து வயது அக்காவான என் அம்மாதான் அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். ஆறு வருடமாகக் கல்ஃபில் கட்டட வேலைக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தார். முகம் கரிந்து, தலைமுடி பாதி கொட்டி, சிரிக்கும்போது மட்டும் பழைய மாமாவாக இருந்தார். தன் குழந்தையை அவர் முதன்முதலாகப் பார்த்ததே அந்த விடுப்பில்தான். அதற்கு அப்போது ஒரு வயது தாண்டியிருந்தது. அவர் தூக்கினால் வீறிட்டு அழும்.

மாமா திரும்பிப் போக விரும்பவில்லை. ஒரு கார் வாங்கி நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி முன்னால் வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று வந்திருந்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, “அத்தான், எனக்கு வண்டியப் பத்தி ஒரு எழவும் தெரியாது. நீங்க கை காட்டுனா அதாக்கும் எனக்கு வண்டி” என்றார்.

ஒன்றை மட்டும் நான் அப்பாவின் கணக்கில் வரவாக எழுதியாக வேண்டும். “அவசரப்படாத மக்கா, ரெண்டு மாசம் போவட்டு. நல்லது ஒண்ணு வரும்” என்றுதான் அவர் முதலில் சொன்னார்.

“ரெண்டு மாசம் எனக்கு எங்க அத்தான் இருக்கு? லீவு முடியதுக்குள்ள வண்டி ஓடி நாலு காசு கண்டாத்தான் நான் இங்க நிக்க முடியும்.”

அடுக்களை வாசலில் நின்றிருந்த அம்மா, யாருடைய முகத்தையும் பார்க்காமல், “முற்றத்தில நிக்கிய வண்டிக்கு என்ன கொறச்சல்?” என்றாள்.

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் வழக்கத்தைவிட உரக்கக் கேட்டது.

அடுத்த இரண்டு நாள் நான் வெண்ணெய் நிறக் காரில் பள்ளிக்கூடம் போனேன். மூன்றாம் நாள் மாமா எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அதியன்னூர் வரை ஓட்டிப் பார்த்தார். மரத்தூள் தன் வேலையைச் செய்தது. வண்டி பூனை போலப் போயிற்று. கண்ணாடியில் என்னைப் பார்த்து, “எனக்க மருமோள் சொல்லட்டு. வண்டி எப்பிடி உண்டு?” என்று கேட்டார். எனக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. எப்போதும் சொல்வதை இன்னும் கொஞ்சம் அழகாகச் சொன்னேன். “நல்ல வண்டி மாமா. நான் இதிலயாக்கும் பள்ளிக்குப் போறது.” மாமா சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா நீட்டிய தாளில், வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் மாமாவுக்கு நல்ல காலம். காக்கிச் சட்டை தைத்துக்கொண்டார். சாயங்காலம் குழந்தையை மடியில் வைத்துத் ஸ்டியரிங்கைப் பிடிக்கவைத்து ஒலிப்பானை அடித்துக் காட்டுவார். அது இப்போது அவரிடம் அழுவதில்லை என்று மாமாவின் மனைவி, என் அத்தை, வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நாலாவது வாரம், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வயதானவரையும் அவர் மகளையும் ஏற்றிக்கொண்டு திருப்புறம் போகிற வழியில், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது கார் நடுவில் மடிந்தது. அப்படித்தான் பார்த்தவர்கள் சொன்னார்கள், அட்டைப் பெட்டி மடிவதுபோல என்று. ஓடையில் சரிந்து நின்ற வண்டியின் கதவுகள் திறக்கவில்லை. கடப்பாரையால் நெம்பி எடுத்தார்கள். பெரியவருக்கு இடுப்பு எலும்பு போயிற்று. மாமாவுக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது.

அத்தையின் அண்ணன் முரட்டு மனிதர். மாமாவை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்றே கத்தினார். சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அப்பா கத்தவில்லை. உள்ளே போய் அந்தத் தாளை எடுத்துவந்து விரித்துக் காட்டினார். வண்டியை உள்ளும் புறமும் பரிசோதித்துத் திருப்திப்பட்டு எடுத்துக்கொண்டேன், இந்த நாள் இந்த மணியிலிருந்து எல்லாம் என் பொறுப்பு என்று எழுதியிருந்தது. பழைய கார் விற்கிறவன் சோற்றை மறந்தாலும் அந்தத் தாளை மறக்கக் கூடாது என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

“கையெழுத்து அவனுக்கதா இல்லியாண்ணு கேளுங்க” என்றார் அப்பா.

மாமா, கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் தாங்கியபடி, தாளைப் பார்த்தார். “எனக்கதுதான்” என்றார்.

“எலே, ஒருக்கா கீழ குனிஞ்சு பாத்திருக்கப்பிடாதா நீ?” என்று அத்தையின் அண்ணன் அவர்மேல் பாய்ந்தார்.

மாமா என்னைக் காட்டினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “இந்தப் பிள்ளைய ஏத்தி ஓட்டுன வண்டியில்லியா. பின்ன நான் எதுக்கு குனிஞ்சு பாக்கணும்?”

அத்தையின் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அப்பா தாளை மடிக்க ஆரம்பித்து, மடிக்க முடியாமல், மறுபடி விரித்தார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை பெரியவர்கள் நடுவே என் பேர் அடிபட்டதில் எனக்குக் கூச்சமும் கொஞ்சம் பெருமையுமாக இருந்தது.

விடுப்பு முடிந்து மாமா திரும்பிப் போனார். வளைந்து கூடிய மணிக்கட்டோடு இனி கம்பி வளைக்க முடியாது. துப்புரவு வேலைக்கு மாற்றிக்கொடுத்தார்களாம், பாதிச் சம்பளத்தில். அடிபட்ட பெரியவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு தருவதாகக் கொடுத்த வாக்கு இருந்ததால் அதையும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அம்மாவுக்குக் கடிதம் வரவில்லை. வழக்கமாகத் தபால்காரர் வரும் நேரத்தில் அவள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருப்பாள், பெருக்கிய வாசலையே.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன்.

ஓடையில் கிடந்த வண்டியை அத்தை வீட்டார் இரும்புக் கடைக்குத் தள்ளப் பார்த்தார்கள். அந்த இரும்பு விலைக்கே அப்பா எடுத்துக்கொண்டார். அது லாரியில் கட்டி எங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டு மாதம் யாரோ வந்து தகட்டைத் தட்டி நிமிர்த்தினார்கள், பற்றவைத்தார்கள், தார் பூசினார்கள். இந்த முறை நீல நிறம் அடித்தார்கள். மழை முடிந்து கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் விடுப்புக்காரர்கள் வரத் தொடங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைப் புதுச் சேலை உடுத்தச் சொன்னார்.

அம்மா உடுத்தினாள். மறுத்து ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் வழக்கமாக ஏறும் முன்னிருக்கையில் ஏறவில்லை. என்னோடு பின்னால் வந்து உட்கார்ந்து, என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குப் பத்து வயது. கால்கள் தரையைத் தொட்டன. இரண்டு கைகளாலும் என் வயிற்றைச் சுற்றிப் பிடித்து, தாடையை என் உச்சியில் அழுத்தி வைத்திருந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் பிடி இறுகியது. புதுப் பாவாடை கசங்குகிறது என்று நான் முரண்டினேன். சன்னலோரம் உட்கார வேண்டும் என்றேன். அப்பா கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு வண்டியை மிகவும் மெதுவாக ஓட்டினார்.

அந்த வீட்டில் என்னைவிடச் சிறிய இரண்டு பையன்கள் இருந்தார்கள். கார் நின்றதுமே நீலத் தகட்டில் முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினார்கள். அவர்களுடைய தாய் என்னிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். அம்மா அந்தப் பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். பஸ்ஸில் இடம் நிறைய இருந்தது. அம்மா என்னை ஓர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, தான் இரண்டு வரிசை முன்னால் போய்த் தனியே உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டும் திரும்பவில்லை. மடியில் இருந்து முரண்டியதற்காக என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, வீடு வரும்வரை அழுதேன்.