சுப்பராயலு வைத்த சோதனை

மடுகரையில் சுப்பராயலுவை ஏமாற்றியவன் இன்னும் பிறக்கவில்லை என்று சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களில் முதல் ஆள் சுப்பராயலுதான்.

கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போனால் எடை மேடையை நம்பமாட்டார். மளிகைக் கடையில் ஷேக் மைதீன் பாய் துவரம்பருப்பு நிறுக்கப்போனால், மஞ்சப்பைக்குள்ளிருந்து ஓர் இரும்புத் துண்டை எடுத்து முதலில் அதை வைக்கச் சொல்வார். வேறு இடத்தில் நிறுத்து, எடையைத் தெரிந்துவைத்திருந்த இரும்பு.

"எட தெரிஞ்ச பொருள வச்சாதான் தராசு யோக்கியமான்னு தெரியும் பாய்."

பாய் சிரித்துக்கொண்டே வைப்பார். தராசு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. நாம் வருவது தெரிந்து சரிசெய்து வைக்கிறாரோ என்று அதிலும் இவருக்கு ஒரு சந்தேகம்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு இருமல் வந்தது. பனி என்றார், கரும்புச் சோகை கொளுத்திய புகை என்றார். ஊருக்கு எக்ஸ்ரே வண்டி வந்தபோது மகள் பிரியதர்ஷினி பிடித்துத் தள்ளாத குறையாக அழைத்துப்போனாள். நெஞ்சில் ஏதோ நிழல் தெரிகிறது, டி.பி.யா என்று பார்க்கவேண்டும், சளி கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் கொடுங்கள் என்று கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து அனுப்பினார்கள்.

டி.பி. என்றதும் சுப்பராயலு பயந்துபோனார். மகளுக்கு வில்லியனூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். சேதி அங்கே போனால் சம்பந்தம் முறிந்துபோகும். பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும். இவருக்குச் சந்தேகம் வந்தது. தேடி வந்து ஓசியில் எக்ஸ்ரே எடுக்கிறானே, எதற்கு? மேலே கணக்குக் காட்ட ஆள் வேண்டாமா? இருமுகிறவனுக்கெல்லாம் டி.பி. என்று எழுதிவிடுவான்.

"இவனுங்க குட்ட நான் ஒடைக்கிறேன் பாரு" என்று டப்பாவை மனைவி கலியம்மாளிடம் நீட்டினார். "இதுல நீ துப்பு."

தராசைச் சோதிக்கிற அதே யோசனைதான். அந்த வீட்டில் நோய் என்று படுத்தறியாத ஆள் கலியம்மாள். களையெடுப்பாள், மாட்டுக்குப் புல்லறுப்பாள், வந்து சோறும் ஆக்குவாள். அவள் சளியைத் தன் பேரில் கொடுத்து, அதற்கும் டி.பி. என்று வந்தால் திருடன் அகப்பட்டான்.

"எனக்கேதுங்க சளி?" என்று கலியம்மாள் பின்வாங்கினாள். அவர் விடவில்லை. அவள் தோட்டத்துப் பக்கம் போய்விட்டு, மூடிய டப்பாவோடு வந்தாள். அவர் அதைத் தன்னுடையது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்.

டி.பி. இருக்கிறது, உடனே வாங்க என்று போன் வந்தபோது சுப்பராயலுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மாத்திரை கொடுக்கும் தேவி முன்னால், பத்துப் பேர் கேட்கிற மாதிரி நின்றார்.

"ஏம்மா, எனக்கா டி.பி.?"

"ஆமாங்கய்யா. பயப்படாதீங்க, மாத்திரைய ஒழுங்கா சாப்ட்டா சரியாயிடும்."

"அது எஞ்சளியே இல்ல! எம் பொண்டாட்டிது. கல்லு மாரி கீறா அவ. மாட்னீங்களா?"

தேவி கோபப்படவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, கிட்டே வந்து, மெதுவாகக் கேட்டாள்.

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

மேற்கொண்டு திட்டுவதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தார். தோள் துண்டை இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவங்களையும் கூட்டி வாங்க, நீங்களும் உங்க சளியையே குடுங்க என்று தேவி சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. ஊரில் ஒருவரையும் விடாமல் சந்தேகப்பட்டவர், கலியம்மாள் நன்றாக இருக்கிறாள் என்பதை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அதற்கு அவளை ஒருதரமாவது நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பார்த்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். ரவிக்கை தோளில் தொளதொளத்தது, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"உனக்கு இருமல் கீதா?"

"கரும்பு வெட்டுக்கு முன்னாடிலேர்ந்தே கீது. பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு சொல்லல."

"எனக்குக் கேக்கவே இல்லியே?"

"நீங்க இருமுற சத்தத்துல என்னுது எங்க கேக்கப்போவுது?"

குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னார்.

கலியம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். பிறகு அவர் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"மிசினு தப்பா காட்டியிருக்கும்ங்க. நீங்கதான் எதையும் நம்பமாட்டீங்களே?"

ஒரே ஒருமுறை சந்தேகப்பட முடிந்தால் விளைந்து நிற்கிற கரும்பு முழுவதையும் கொடுத்திருப்பார்.

"இல்ல புள்ள" என்றார். "மிசினு சரியாத்தான் சொல்லுது. நானே சோதிச்சுப் பாத்துட்டேன்."