பத்து வீட்டுக் காற்றாடி

பாக்கியவதிக்கு ரயில் என்றாலே ஆகாது. இருபத்தாறு வருஷம் அதில் போய் வந்தவளுக்கு அதைச் சொல்ல முழு உரிமை உண்டு. விடியுமுன் கோலார் தங்க வயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுவாள். பெங்களூரில் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் நாள் முழுக்கச் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாக, காயிலாகச் சுற்றுவாள். இருட்டிய பிறகு வீடு வந்து சேருவாள். ரயிலிலேயே பூண்டு உரித்திருக்கிறாள், மகளின் கல்யாணத்துக்கு ஆள் ஆளாகப் பத்திரிகை கொடுத்திருக்கிறாள், நின்றபடியே தூங்கி முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரர் தோளில் சாய்ந்திருக்கிறாள். நாற்பத்தேழு வயதில் முட்டி மடக்க முடியாமல் போனதும், "போதும்டா சாமி" என்று ஒருநாள் ஸ்டேஷன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே உட்கார்ந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. தன்னைப் போல ரயில் ஏறும் பெண்கள் அவள் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். இவர்களில் ஒருத்திக்காவது வீட்டில் மாவு அரைக்க நேரம் இருக்குமா? இட்லி மாவு அரைத்து விற்றால் வாங்கத் தேடி வருவார்கள். கம்பெனி மேலாளரிடம் பேசினாள். நல்ல மனுஷன். "ஒரு மாசம் லீவு எடுத்துப் பாருங்கம்மா. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை ஒரு போன் பண்ணுங்க, அதுவரைக்கும் உங்க இடத்துல யாரையும் போட மாட்டேன்" என்றார்.

அரிசியும் உளுந்தும் கிரைண்டரும் தயார். கரண்ட்தான் தயாராக இல்லை. நாட்டிலேயே முதலில் கரண்ட் பார்த்த ஊர்களில் ஒன்று எங்கள் ஊர் என்று கோலார் தங்க வயல்காரர்கள் கல்யாணப் பந்தியில்கூடப் பெருமை அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகும். பாக்கியவதி கூரைமேல் ஏற்கெனவே இரண்டு சோலார் பலகை வைத்திருந்தாள். கோடையில் அவை நன்றாகத்தான் உழைத்தன. ஆடி பிறந்தது, மேகம் ஒரு பக்கம் மூடியது, தங்கம் பிரித்த கழிவு மண் மலையாகக் குவிந்த சைனைடு மேட்டிலிருந்து எழும்பிய வெள்ளைத் தூசி மறு பக்கம் மூடியது. சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த மேட்டின் தூசி மட்டும் ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை. காலையில் ஏணி போட்டு ஏறித் துடைத்துவிட்டு இறங்கினால், மதியத்துக்குள் பலகை மறுபடியும் மாவு பூசிக்கொண்டு கிடக்கும்.

நான்காம் நாள் ஏணியில் நின்றபடி அவள் காற்றைத் திட்டினாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெயிலைக் கெடுக்கிற காற்றையே வேலை வாங்கினால் என்ன? காயில் சுற்றுவதோ அவள் கைக்குத் தண்ணி பட்ட பாடு. பெங்களூரிலிருந்து காந்தம் வாங்கிவந்து, ஒன்பது காயில் சுற்றி, பழைய ஸ்கூட்டர் சக்கரத்தின் நடுப்பாகத்தில் பொருத்தினாள். தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் அறுத்து மூன்று இறக்கை செய்தாள். தகரத்தில் ஒரு வால் வெட்டி மாட்டினாள். கரண்ட் எடுக்கும் காற்றாடி ஒன்று கூடத்தில் உருவாகிவிட்டது.

கணவன் ஜெயகரன் முன்பு சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை செய்தவன், இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காவல். அவன் கூடத்தைச் சுற்றிவந்து பார்த்தான்.

"இன்னா பாக்கியம், ஏரோப்ளேன் வுடப் போறியா? எனக்கு ஜன்னல் ஓரமா ஒரு சீட்டு போட்டு வை."

"சிரிங்க, சிரிங்க. காத்து சும்மாதான போவுது. போற வழியில நாலு கிலோ மாவு அரைச்சிக் குடுத்துட்டுப் போவட்டும்."

கோரமண்டலில் அவர்கள் இருந்தது லைன் வீடு. ஒரே வரிசையில் பத்து வீடு, பத்துக்கும் சேர்த்து ஒரே கூரை, அந்தக் கூரையைத் தாங்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே உத்திரம். வெள்ளைக்காரன் காலத்து மரம், யானை ஏறி நின்றாலும் அசையாது. அதைவிட உறுதியான இடம் எங்கே கிடைக்கும் என்று காற்றாடிக் கம்பத்தை பாக்கியவதி அந்த உத்திரத்திலேயே போல்ட்டு போட்டு முறுக்கினாள். அன்றைக்கு அதில் ஒரு தப்பும் அவளுக்குத் தெரியவில்லை.

முதல் வாரம் காற்று சாதுவாக இருந்தது. பேட்டரி நிறைந்தது, கிரைண்டர் ஓடியது. ஊரே கரண்ட் இல்லாமல் விசிறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் மட்டும் மாவு அரைத்தாள். அக்கம்பக்கத்து லைன்களிலிருந்தும் சேர்த்துப் பதினோரு வீட்டுக்காரிகள் தூக்கு வாளியோடு வந்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாதா கோவிலுக்குப் போய்வந்து, கறிச்சோறு தின்று, லைனே கண் அயர்ந்த நேரம். திடீரென்று அடிவயிற்றில் இறங்குகிற மாதிரி ஒரு உறுமல். சுவர் அதிர்ந்தது, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டன. தங்க வயலில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். சுரங்கம் மூடித் தண்ணீர் நிறைந்த பிறகும் எப்போதாவது ஒன்று வந்து தலைகாட்டிவிட்டுப் போவதுண்டு.

பத்து வீடும் ரோட்டில் நின்றது. ஒருவர் லுங்கியை முடிந்துகொண்டு, ஒருத்தி கையில் கரண்டியோடு. கோடி வீட்டு மனோகர் நோட்டுப் புத்தகத்தோடு நடுவில் நின்றார். சுரங்கத்தின் முன்னாள் ஷிப்ட் மேஸ்திரி. லைன் ஆட்கள் அத்தனை பேர் பெயரும் அந்த நோட்டில் இருக்கும். வீடு ஆடினால் வெளியே வந்து அவரிடம் தலை காட்ட வேண்டும், அது அந்த லைனின் வழக்கம்.

"ஒண்ணாம் நம்பர்!"

"மூணு பேரும் வந்துட்டோம்ணா!"

"அஞ்சாம் நம்பர்!"

"நாங்க ரெண்டு பேரு இருக்கோம்ணா" என்றாள் பாக்கியவதி. அவளும் மற்றவர்களைப் போல ஓடிவந்தவள்தான்.

எண்ணி முடித்ததும் உறுமல் நின்றது. உள்ளே போனார்கள். படுத்தார்கள். மறுபடியும் உறுமல், மறுபடியும் ரோடு, மறுபடியும் ஒண்ணாம் நம்பர். மூன்றாவது தடவை வந்து நின்றபோது, பாக்கியவதி தற்செயலாக அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய காற்றாடி இறக்கை கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. காற்று தணிந்தது. இறக்கை கண்ணுக்குத் தெரிந்தது. உறுமல் நின்றது.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள், அதை மறைப்பானேன். ஆனால் ஆறாம் வீட்டு எலைன் தன் கைக்குழந்தைப் பேரனை மார்போடு அணைத்துக்கொண்டு நடுங்கியபடி நின்றாள். பாக்கியவதி உள்ளே போனாள். அடுத்த காற்று வந்து உறுமல் தொடங்கியதும் காற்றாடியின் மூன்று வயரையும் ஒன்றாக முறுக்கினாள். அப்படிச் செய்தால் காற்றாடி இறுகி நின்றுவிடும். நின்றது. உறுமலும் நின்றது. வயரைப் பிரித்தாள், லைன் ஆடியது. முறுக்கினாள், அடங்கியது. வெளியே வந்தாள்.

"ராக் பர்ஸ்ட் இல்லீங்க. என் காத்தாடிதான். எல்லாரும் மன்னிச்சிக்கங்க."

முதலில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் கத்தினார்கள். எலைன் மட்டும், "இன்னாமே, கறிச்சோறு தின்ன தெம்பெல்லாம் ரோட்டுலயே போச்சே" என்றாள். மனோகர் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. நோட்டை மூடினார்.

"வர்ற ஞாயித்துக்குள்ள எறக்கிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க லைன் ஆடும்போதெல்லாம் யாராவது சுவரைத் தட்டுவார்கள், அவள் வயரை முறுக்குவாள், ஒருவரும் வாசல் தாண்டுவதில்லை. காற்றாடிக்கு வேறு இடம் தேடி பாக்கியவதி பார்க்காத மூலை இல்லை. பின்பக்கம் கொண்டுபோனால் சுவரும் மரமும் காற்றை மறைத்தன, முன்பக்கம் கொண்டுபோனால் மின்கம்பி குறுக்கே ஓடியது. காற்று தாராளமாக வீசும் வெட்டவெளி ஒன்றே ஒன்றுதான். அது மனோகர் வீட்டுப் பக்கவாட்டில் இருந்தது. அங்கே அவருடைய பதினோரு ரோஜாச் செடிகள் இருந்தன. கோழி எட்டிப் பார்த்தாலே கல் பறக்கும் இடம் அது, அங்கே போய் யார் கேட்பது? மனுஷனுக்குப் பொறாமை என்று ஜெயகரன் சொன்னான். பாக்கியவதியும் அப்படித்தான் நினைத்தாள்.

சனிக்கிழமை மதியம், லைனில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருக்க, மீதிப் பேர் கண் அயர்ந்திருந்த நேரம் பார்த்து, யார் கண்ணிலும் படாமல் இருவரும் காற்றாடியை இறக்கிக் கூடத்தில் போட்டார்கள். நாளை மேலாளருக்குப் போன் பண்ணி, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்ல வேண்டியதுதான். யூனிபார்ம் சேலையை எடுத்து இஸ்திரி போட்டாள். போடும்போது அழுதாள். ஜெயகரனுக்குக் கிண்டல் ஒன்றும் வரவில்லை, காப்பி போட்டுக் கொண்டுவந்தான்.

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ரயில்காரர்கள் எல்லாம் வீடு திரும்பி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது சுவர் அதிர்ந்தது. டம்ளர்கள் முட்டிக்கொண்டன.

"அத்த நிறுத்துமே பாக்கியம்! சீரியல் கேக்கல!" என்று எலைன் கத்தினாள். மறு பக்கத்துச் சுவரை யாரோ ஓங்கிக் குத்தினார்கள். பாக்கியவதியும் பழக்க தோஷத்தில் வயரை முறுக்க எழுந்தாள். வயரின் முனை வெறுமையாகத் தொங்கியது. காற்றாடி அவள் காலடியில் இறக்கை கழற்றப்பட்டுக் கிடந்தது.

"ஐயோ, காத்தாடி கீழ கெடக்குது! இது நெஜம்! வெளிய வாங்க!"

வலிக்கிற முட்டியை மறந்து ஓடினாள். ஒவ்வொரு கதவாகக் குத்தினாள். ஜெயகரன் மறு கோடியிலிருந்து குத்திக்கொண்டு வந்தான். ரோட்டில் மனோகர் ஒருவர்தான் நோட்டோடு நின்றிருந்தார். "ஒண்ணாம் நம்பர்! ரெண்டாம் நம்பர்!" என்று கத்திக்கொண்டே இருந்தார், பதில் சொல்ல ஓர் ஆள் இல்லை. பிறகுதான் கதவுகள் திறந்தன, தட்டும் கையுமாக ஜனம் கொட்டியது. அதற்குள் பூமி அடங்கிவிட்டது. சேதம் என்று பார்த்தால் எலைன் வீட்டுச் சுவர்க் கடிகாரம் விழுந்தது, அவ்வளவுதான்.

எல்லோரும் எண்ணப்பட்ட பிறகு மனோகர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பாக்கியவதி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

"எந்தம்பி ராக் பர்ஸ்ட்டுலதான் போனான், உனக்குத் தெரியுமே. வூடு ஆடுனா ஓடணும்னு இந்த லைனுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கி வெச்சிருக்கேன். உங்காத்தாடி அந்தப் பழக்கத்தக் கெடுத்துடும்னுதான் எறக்கச் சொன்னேன். எறக்கியும் கெட்டுப்போச்சி பாரு. ஒருத்தரும் வரல. நான் ஒருத்தனா நின்னுகினு இருந்தேம்மா."

"பொறாமைன்னு நெனச்சிட்டேண்ணா" என்றாள் அவள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பொறாமையா? காத்தாடி மேலயா?" முதல் தடவையாக அவர் சிரித்தார். "அத்தக் கூரை மேல வெக்காத, அவ்ளோதான். தரையில நடு. வூடு ஆடுனா பூமிதான் ஆட்டுதுன்னு ஜனத்துக்கு மறுபடியும் தெரியணும். என் ரோஜா பக்கத்துல எடம் கீது. அப்புறம் இன்னொண்ணு. பகல்ல இந்த லைன்ல யாரு இருக்கா? எல்லாம் ரயில் ஏறிப் போயிடுதுங்க. கெழடும் கொழந்தையுந்தான் மிச்சம். ஓடிப்போயி கதவு தட்ட ஆளு வோணும். நீ இங்கயே இரும்மா."

பாக்கியவதி சொம்பை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

மறுநாள் கோவில் விட்டதும் வேலை தொடங்கியது. மனோகர் நான்கு ரோஜாச் செடிகளைத் தன் கையாலேயே பெயர்த்தார், ஒவ்வொன்றிடமும் ஏதோ சொல்லிக்கொண்டே. ஜெயகரன் குழி தோண்டினான். இரண்டடியில் பாறை தட்டியது. அவனுக்குக் குஷி பிறந்துவிட்டது. பாறையைக் கண்டால் என்ன செய்வதென்று அவனுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? கம்பத்தை இறக்கி, மர ஆப்பு அடித்து, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினான். கம்பத்தில் ஏறித் தொங்கி ஒரு சுற்று ஆட்டிப் பார்த்தான். "உத்தரவு குடுத்தா பொண்டாட்டியையும் மேல ஏத்திக் காட்டறேன்" என்றான். பாக்கியவதி கையில் கிடைத்த ஈரத் துணியை அவன்மேல் வீசினாள்.

நான்கு மணிக்குக் காற்று வந்தது. இறக்கை மெதுவாகத் திரும்பியது, பிறகு வேகம் எடுத்தது, பிறகு கண்ணுக்கே தெரியவில்லை. யாரும் சொல்லாமலே பத்து வீட்டுக்காரர்களும் அவரவர் வாசல் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். எலைன் காதையே வைத்துவிட்டாள். பாக்கியவதி சுவர்ப் பக்கமே திரும்பவில்லை, மனோகர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வலது கையை வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டு இடது கையை வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றார். "போ, போயி அரைச்சிக்கோ."

அவள் உள்ளே போய்க் கிரைண்டரில் உளுந்தைக் கொட்டி, சுவிட்சைத் தட்டினாள். கல் சுற்றத் தொடங்கியதும் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"சார், பாக்கியவதி பேசறேன். என் எடத்துல வேற ஆள போட்டுக்குங்க சார். இங்க எனக்கு வேலை கெடைச்சிட்டுது."