அழிச்சுப்போடலாமுங்களா?

போன வாரம் வீட்டில் உட்கார்ந்து, கணினித் திரையில் ஓர் உரை கேட்டுக்கொண்டிருந்தேன். நாம் எழுதும் நிரல்களுக்கு என்ன பொருள் என்று கணிதத்தால் சொல்லும் துறை பற்றியது. பேசியவர் இளைஞர், கெட்டிக்காரர். ஸ்லைடுகளும் கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகாக இருந்தன. ஒரு வரியைப் பாதி படித்திருப்பேன், அடுத்த ஸ்லைடு வந்துவிட்டது. "ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மைக் அணைந்திருந்தது. சமையலறையிலிருந்து மனைவிதான் "என்னையவா கூப்டீங்க?" என்றாள்.

அப்போது எனக்குச் சாக்பீஸ் வாசனை அடித்தது. நம்பினால் நம்புங்கள். ஈரத்துணியால் துடைத்த கரும்பலகையிலிருந்து மே மாத வெக்கையில் கிளம்புமே, அந்த வாசனை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பீளமேட்டில் ஒரு கல்லூரியின் மாடி அறை. விமானம் தாழ்ந்து வந்தால் பேசுகிறவர் சாக்பீஸைப் பிடித்தபடியே நிற்பார். சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். வெகு காலத்துக்கு முன், ஒரு கோடை விடுமுறையில் இதே துறையில் அங்கே ஒரு பயிலரங்கு நடந்தது. நான் அப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிழை தேடும் வேலையில் இருந்தேன். இதைப் படித்தால் பதவி உயர்வு வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, லீவு போட்டுவிட்டுப் போனேன். அப்படி ஒன்றும் வராது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. மறுநாளும் போனதற்கு இடைவேளையில் கொடுத்த தேங்காய் பன் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், அங்கிருந்த ஒரு வழக்கம். பலகை நிறைந்ததும் எழுதியவர் டஸ்டரோடு எங்கள் பக்கம் திரும்பி, "அழிச்சுப்போடலாமுங்களா?" என்று கேட்பார். எல்லோரும் "அழிங்க" என்றால்தான் அழிப்பார். ஒரே ஒருவர் தயங்கினாலும் டஸ்டர் கீழே போய்விடும். எவ்வளவு பெரிய பேராசிரியரும் இதற்கு விலக்கில்லை. அதேபோல, "நீங்க சொல்றது தப்பு" என்று அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "எனக்குத்தான் வெளங்கலீங்க" என்பார்கள். அதைக் கேட்டதும் பேசுகிறவருக்கு வியர்த்துவிடும். இது தெரியாமல், நிஜமாகவே ஒன்றும் விளங்காத நான் அதையே சொல்லப்போக, பாவம் ஒரு பேராசிரியர் தன் நிரூபணம் முழுவதையும் மறுபடி சரிபார்த்தார். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

கோமதி மேடம் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்திருந்தவர். பயிலரங்குக்கு விடியலில் பஸ் ஏறி வருவார். வகுப்புக்கும் வீட்டுக்கும் நடுவே பல வருடங்கள் உழைத்த ஆய்வு அது. கொடுத்த கால நீட்டிப்பெல்லாம் தீர்ந்து, அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு முதுகெலும்பான தேற்றத்தைத்தான் ஒரு நாள் பலகையில் நிரூபித்தார்.

திரும்பத் திரும்பச் சுற்றி ஓடும் ஒரு நிரலின் பொருளை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. ஒரு சுற்று ஓடவிட்டால் என்ன தெரிகிறது, இன்னொரு சுற்று விட்டால் என்ன தெரிகிறது என்று படிப்படியாகப் போவார்கள். அந்தப் படிகளெல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம்தான் அதன் பொருள். கோமதி மேடம் ஒவ்வொரு படியிலும் ஒரு குணம் இருப்பதைக் காட்டினார். ஆகவே போய்ச் சேரும் இடத்திலும் அது இருக்கும் என்று கடைசி வரியை எழுதி முடித்துவிட்டு, "அழிச்சுப்போடலாமுங்களா?" என்றார். "அழிங்க, அழிங்க" என்று ஒரே கைதட்டல். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் நான்தான்.

பின்வரிசையில் ஜலீல் சார் மெதுவாக எழுந்தார். கோட்டைமேட்டுக்காரர், கணித ஆசிரியர், அதிகம் பேசாதவர்.

"ஏனுங்க மேடம், எனக்குத்தான் வெளங்கலீங்க. அந்தக் கடைசி வரிய மட்டும் அழிக்காம உடுங்களேன்."

கோமதி மேடம் பலகையைப் பார்த்தார். ஒரு விமானம் வந்து போனது. பிறகு பலகையின் ஓரத்தில் சின்னதாக எழுதிக்கொண்டே சொன்னார்: "பத்து வரைக்கும் எண்ணுனா மிச்சம் இருக்குதுங்க. நூறு வரைக்கும் எண்ணுனாலும் இருக்குது. எங்க நிறுத்துனாலும் மிச்சம் இருக்கும். ஆனா எல்லா எண்ணையும் ஒண்ணாச் சேத்துப்போட்டா மிச்சம் ஏதுங்க? படிக்குப் படி இருக்கறது முடிவுல இல்லாமப் போயிரலாம். நான் பாக்காமத் தாண்டிப்போட்டனுங்க. தேற்றம் தப்புங்க."

அலுவலகத்தில் ஒரு பிழையைக் காட்டினால் வாரக்கணக்கில் முகம் கொடுக்காதவர்களோடு குப்பை கொட்டியவன் நான். பல வருட உழைப்பை, அத்தனை பேர் முன்னால், தன் கையாலேயே வெட்டிச் சாய்த்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன். எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல இருந்தது.

அவர் டஸ்டரை எடுத்தார். "அழிச்சுப்போடலாமுங்களா?"

யாரும் "அழிங்க" என்று சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்டார். அப்போதும் யாரும் சொல்லவில்லை.

"இருக்கட்டுங்க மேடம். டீ குடிச்சுப்போட்டு வந்து பாக்கலாம்" என்றார் ஜலீல் சார்.

திரும்பி வந்தபோது, அடுத்துப் பேச வேண்டியவர் தன் நேரத்தைச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தார். எந்தக் குணம் படிகளைத் தாண்டி முடிவு வரைக்கும் பிழைக்கும், எது பிழைக்காது என்று மாலை வரை வாதம். கடைசியில் கோமதி மேடமே ஒரு நிபந்தனையைக் கண்டுபிடித்துச் சேர்த்தார். தேற்றம் கொஞ்சம் சிறுத்துவிட்டது, ஆனால் நின்றது. பஸ்ஸுக்கு ஓடுகிற ஓட்டத்தில், "அந்த வரிய அழிச்சிருந்தா நான் போயே போயிருப்பனுங்க சார். வாரேனுங்க" என்று ஜலீல் சாரிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆய்வேட்டைத் தவணைக்குள் கொடுத்தார், பட்டமும் வந்தது.

அந்த அறையில் இப்போது கரும்பலகை இல்லை, சுவர் முழுக்க வெள்ளைத் திரை. ஜலீல் சார் ஓய்வு பெற்றுவிட்டார். பயிலரங்குகள் வீட்டுக்கே வந்துவிட்டன, தேங்காய் பன்னை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும்.

போன வாரம் நான் பாதி படித்த வரி, 'ஒவ்வொரு படியிலும் உண்மை, ஆகவே' என்று தொடங்கியது. அது சரியாகவும் இருக்கலாம். எனக்குத்தான் விளங்கவில்லை. அதைச் சொல்வதற்குள் அந்த வரி போய்விட்டது.