மதினி கொண்டுபோன சாக்கு

நாயும் பூனையும் ஒரே வீட்டில் ஒத்துப்போக அன்பு வேண்டும் என்பார்கள். எனக்கு அன்பெல்லாம் கிடையாது, ஆத்திரம்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டே அந்த இரண்டையும் ஒரே சாக்கில் படுக்க வைத்தேன்.

என் கணவரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், வேடசந்தூரில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். அது முடிகிற வரை திண்டுக்கல்லில் எங்களோடு இருப்பார் என்று கணவர் சொன்னார். என்னைக் கேட்கவில்லை, சொன்னார். மதினி வந்தார். கூடவே உயரமான ஒரு சிப்பிப்பாறை நாயும் வந்தது. அன்று பீரோவுக்கு மேல் ஏறிய என் பூனை கீழே இறங்க மறுத்துவிட்டது. சோற்றுத் தட்டை மேலே தூக்கித் தூக்கி வைத்தேன்.

அந்த வீட்டில் சுவர் முதல் சொம்பு வரை எல்லாம் என் மாமியார் விட்டுப்போனவை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்து, என் மடியில் வந்த அந்தச் சாம்பல் பூனை ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. நாய் இருக்கிற வீட்டில் பூனை எதற்கு என்று மதினி சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்பார். கணவர் தட்டில் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வார்.

ஒருநாள் பள்ளி விட்டு வந்தால் பூனை இல்லை. எங்கேயாவது ஓடியிருக்கும் என்றார் மதினி. நாய் படுக்கிற கோணிச்சாக்கையும் காணவில்லை. துவைத்துப் போட்டிருக்கிறேன் என்றார். கொடியில் சாக்கு எதுவும் காயவில்லை.

மறுநாள் காலை தெருமுனை ஆட்டோக்காரர் என்னை நிறுத்தினார். மதினி வண்டியிலேயே விட்டுப்போன அந்தச் சாக்கை எடுத்துக் கொடுத்தார்.

"ஒங்க மதினி நேத்து பைபாஸ் வரைக்கும் வந்தாங்கக்கா. சாக்கு அம்புட்டுக் கத்து கத்துச்சு. எறங்குனதும் அதைச் சுத்து சுத்துன்னு சுத்தித்தான் அவுத்து விட்டாங்க. திரும்பி வர வழி தெரியக் கூடாதாம்ல."

அன்று விடுப்புச் சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் போனேன். கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பைபாஸ் ஓரமெல்லாம் கூப்பிட்டு நடந்தேன். வெயில் ஏறிய பிறகு ஒரு சின்னப் பாலத்துக்கு அடியிலிருந்து குரல் வந்தது. வேறு பை கொண்டுபோகவில்லை. அந்தச் சாக்கிலேயே பூனையைப் போட்டுக் கொண்டுவந்தேன்.

கொல்லைப்பக்கமாக நுழைந்து சாக்கை அவிழ்த்தேன். மதினி உள்ளே படுத்திருந்தார். கட்டிப்போட்டிருந்த நாய் எழுந்து வந்து பூனையை மோந்தது. குரைக்கவில்லை. தன் படுக்கையின் வாடை பூனை உடம்பெல்லாம் ஏறியிருந்ததால் குழம்பிப்போய் நின்றது. பூனையும் சீறி முடித்துவிட்டு அப்படியே நின்றது. எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. என் பூனையைத் தொலைக்க எடுத்த சாக்காலேயே மதினியின் நாயைப் பிடுங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

சண்டை போட்டிருக்கலாம். போட்டால் கணவர் இருவருக்கும் பொதுவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, கடைசியில் பூனையைத்தான் அனுப்புவார். அதனால் வாயைத் திறக்கவில்லை. பூனை தானாக வந்துவிட்டது என்றேன். மதினி முகத்தில் ஈயாடவில்லை. சாக்குகள் எல்லாம் ஒரே மாதிரிதானே, அதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. பகலில் அதைப் பூனைக்கு விரிப்பேன், மாலையில் நாய்க்கு. ஒன்றின் வாடை மற்றதுக்குப் பழகட்டும் என்று துவைக்கவே இல்லை.

பிறகு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. கறி மட்டுமல்ல, மீன்கூட வீட்டுக்குள் வரக்கூடாது என்றார் மதினி. அதோடு விட்டாரா, நாய்க்கும் தவக்காலம் என்று தயிர்ச்சோறு போட ஆரம்பித்தார். ஞானஸ்நானம் மட்டும்தான் அதற்குக் கொடுக்கவில்லை. நாய் தட்டைப் பார்க்கும், அவரைப் பார்க்கும், போய்ப் படுத்துக்கொள்ளும். எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

மாலையில் அவர் கோயிலுக்குக் கிளம்பியதும் நான் மீன்தலை வேகவைப்பேன். அடுப்படிக் கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் நாய்க்கு ஒரு தட்டு, இந்தப் பக்கம் பூனைக்கு ஒரு தட்டு. முதலில் தள்ளித் தள்ளி வைத்தேன். போகப்போக நெருக்கினேன். நாய் பூனையை முறைத்தால் தட்டைத் தூக்கிவிடுவேன். என்னைப் பார்த்தால் இன்னொரு துண்டு. கதவைத் திறந்த பிறகும் கொஞ்ச நாள் சங்கிலியை விடவில்லை. பூனைக்குப் பீரோ ஏறும் வழியை மறிக்கவுமில்லை.

மதினி திரும்பிவந்து, மன்னிப்பைப் பற்றிச் சாமியார் எவ்வளவு உருக்கமாகப் பிரசங்கம் வைத்தார் என்று சொல்வார். நான் மீன் வாடை அடிக்கும் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு தலையாட்டுவேன். ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், பொய், பொறாமை எல்லாம் சொன்னேன். மீன்தலையைச் சொல்லவில்லை. அது பாவம் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

ஈஸ்டர் கழிந்தபோது இரண்டும் ஒரே சாக்கில் படுத்துக் கிடந்தன. மதினி கூப்பிட்டால் நாய் முதலில் என் முகத்தைப் பார்க்கும். அவர் சுருங்கிப்போவார். எனக்கு வயிறு குளிர்ந்துபோகும்.

வேடசந்தூரில் சாமியார் வந்து புது வீட்டை மந்திரித்து முடிந்து, சாமான் ஏற்றக் குட்டியானை வண்டி வந்தது. நாயைத் தூக்கி ஏற்றினார்கள். குதித்து ஓடிப்போய்ப் பூனை பக்கத்தில் படுத்துக்கொண்டது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி குதித்தது. மதினி வாசலில் நின்று அழுதார்.

"நீ கூப்புட்டா வருது. வண்டி வரைக்கும் செத்த வந்து ஏத்தி விடேன். பிள்ள மாதிரி வளத்தேன் அதை."

நான் உள்ளே போனேன். பூனையை எழுப்பி, நாயை நகர்த்தி, சாக்கை உருவிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"இதுல போட்டுக் கட்டிக்கங்க மதினி. எறங்குனதும் நல்லா சுத்திவிட்டு அவுத்து விடுங்க. திரும்பி வர வழி தெரியாது."

அவர் சாக்கைப் பார்த்தார். அழுகை நின்றுவிட்டது. கணவர் என்ன சாக்கு, என்ன சுற்று என்று கேட்டார். மதினி சாக்கை வாசற்படியில் வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

இப்போதும் அடிக்கடி போன் செய்து நாய் சாப்பிட்டதா என்று கேட்கிறார். சாப்பிட்டது என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். என்றைக்காவது பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டால் நாயை அவரிடமே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். இதுவரை கேட்கவில்லை.