ஹார்பரிலிருந்து வந்த மூட்டைகள்

தொண்ணூறுகளின் நடுவில் அக்காவும் நானும் திருமுடிவாக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்த்தோம். ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை ரயில், அங்கிருந்து பஸ். கம்பெனி என்றால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்தான். பழைய பிளாஸ்டிக்கை வகை பிரித்து, கழுவி, உருக்கிக் குருணையாக்கி விற்பார்கள். பிரிப்பது பெண்கள் வேலை.

முதலில் வந்ததெல்லாம் உள்ளூர்ச் சரக்கு. உடைந்த குடம், பக்கெட், பால் கவர். பிறகு ஹார்பரிலிருந்து லாரியில் பெரிய பெரிய மூட்டைகள் வர ஆரம்பித்தன. வெளிநாட்டுக் குப்பை. அந்த ஊர்களில் ஒவ்வொரு வீட்டிலும் பிளாஸ்டிக்கைத் தனியாக எடுத்து வைப்பார்களாம், பூமி கெடக்கூடாது என்று. முதலாளி இதைப் பெருமையாகச் சொல்வார். மூட்டையைப் பிரித்தால் ஷாம்பு வாசனை தூக்கும். அழகான பாட்டில் கிடைத்தால் அக்கா கழுவி வீட்டுக்கு எடுத்து வருவாள்.

ஒரு மழைக்கால மதியம், என்ன வகை என்று டப்பா ஒன்றை அமுக்கிப் பார்த்த அக்கா 'ஸ்' என்று கையை உதறினாள். உள்ளே ஊசி. யாருக்கோ மருந்து போட்டுவிட்டு எறிந்த ஊசி. ஆள்காட்டி விரலில் பொட்டு ரத்தம்.

"இன்னாக்கா, டாக்டராண்ட போலாமா?"

"இதுக்குப் போயா? மஞ்சள் வெச்சா சரியாப் பூடும்."

சரியாகவில்லை. இரண்டொரு நாளில் முழங்கை வரை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் விரலைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். "யாருக்குப் போட்ட ஊசிம்மா இது?" என்று டாக்டர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். எந்த நாடு, எந்த வீடு, அந்த ஆளுக்கு என்ன வியாதி, எங்களுக்கு என்ன தெரியும்? ரத்தம் எடுத்துக்கொண்டு, எய்ட்ஸ் மாதிரி வியாதி ஒட்டியிருந்தால் உடனே தெரியாது, சில மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த மாதங்களில் அக்கா தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டவில்லை. தனி டம்ளர், தனிப் பாய். "அதெல்லாம் ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரேக்கா" என்றால், "அவரு சொல்லுவாரு" என்பாள்.

கையுறை தராமல் மூட்டையைத் தொட மாட்டோம் என்று பெண்கள் எல்லாரும் ஷெட் வாசலில் உட்கார்ந்தோம். முதலாளி கத்தினார். "ஃபாரின்காரன் சுத்தமா பிரிச்சு அனுப்புறான், நீங்க இன்னாம்மா பேஜார் பண்றீங்க?" சாயங்காலமே ரப்பர் கையுறை வந்தது. மூட்டைகளும் வந்துகொண்டுதான் இருந்தன.

கடைசியில், ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். அக்கா ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். விரல் மட்டும் மடங்காமல் போயிற்று. வேலைக்குத் திரும்பவில்லை.

பிறகு எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து குப்பையைப் பிரித்து விற்க ஏற்பாடு செய்தபோது, அக்காவும் சேர்ந்துகொண்டாள். வீடு வீடாகப் போவாள். "பிளேடு, ஊசி, ஒடஞ்ச கண்ணாடி எதுவும் இதுல போடாதீங்க. ஒருத்தி கையாலதான் பிரிக்கணும்." நிறையப் பேர் கேட்டுக்கொண்டார்கள்.

"பரவால்லயேக்கா, உன் பேச்சைக் கேக்குறாங்களே" என்றேன்.

"நம்ம தெருவுல சொல்லிட்டேன். அந்த ஊருல வூடு வூடா யாரு போயி சொல்றது?" என்றாள்.

அப்போதும் நான் அந்த ஷெட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். கையுறை கிழிந்தால் புதிது கேட்க வேண்டும். கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். பல நாள் கிழிந்ததைப் போட்டுக்கொண்டே பிரித்தேன்.