கண் போன பக்கம் போன கை

அக்காவின் வலது கை தேநீர்க் கோப்பையை எடுக்கப் புறப்பட்டு என் கன்னத்தைத் தொட்டது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் பின்னேரம் அது. கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதையைப் பார்த்த மாடி வீடு. வெயில் தணிந்து, கடலின் வெளிச்சம் சுவரில் மெல்ல அலைந்துகொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்துக் கதைத்தபடியே கையை நீட்டியவள், தொட்டது கோப்பை இல்லை என்று தெரிந்ததும் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். உள்ளே எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்ட்ரோக்கின் மிச்சம் என்றார் டாக்டர். நமக்கெல்லாம் கண் ஒரு பக்கம் இருக்க, கை இன்னொரு பக்கம் போய் வேண்டியதை எடுத்துவிடும். அக்காவுக்கு அது போய்விட்டது. கண் எங்கே நிற்கிறதோ, கையும் அங்கேதான் போகும். முதலில் பொருளைப் பார்க்க வேண்டும், பிறகு கையை நீட்ட வேண்டும் என்று பழக்கினார்கள். அந்த மழைக்காலப் பின்னேரங்கள் பாதித் தூக்கத்தில் கண்டவை போலவே நினைவில் இருக்கின்றன. அக்காவின் கண் கரண்டியில் போய் அமரும். சற்றுப் பொறுத்துக் கை புறப்படும். ரயில் போனால் கரண்டி லேசாக அதிரும், அவள் காத்திருப்பாள். முகம் பார்த்துக் கதைப்பதில் அவ்வளவு ஆசையுள்ளவள், கொஞ்சம் கொஞ்சமாக முகங்களை விட்டுப் பொருட்களையே பார்க்கத் தொடங்கினாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

இன்று கனடாவிலிருந்து வீடியோவில் கதைக்கும் அவளுடைய மகனுக்கு இதெல்லாம் தெரியும். அன்று தெரியாது. திருகோணமலையில் வேலை பார்த்தவன், கனடாப் பயணத்துக்கு முன் இரண்டு நாள் வந்து நின்றான். "வெறும் தலைச்சுத்து எண்டு சொல்லு. தெரிஞ்சால் போகமாட்டான்," என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள். அந்த இரண்டு நாளும் ஒன்றையும் தட்டிவிடாமல், சிந்தாமல் சமாளித்தாள். கண்ணை மட்டும் அவன் பக்கம் திருப்பவில்லை.

அவனை ஏற்றிப்போக வான் வந்து கீழே ஹோர்ன் அடித்தது. அவனுக்காகக் காகிதத்தில் சுற்றிக் கட்டிய முறுக்குப் பாசலைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அம்மா, நான் போறது பிடிக்கேல்லையே? வந்ததிலயிருந்து என்ர முகத்தைப் பாக்கேல்லை நீங்கள்."

அக்கா சட்டென்று நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பாதி வழியில் இருந்த கை கண் போன பக்கம் திரும்பி அவன் கன்னத்தில் போய் நின்றது. அவன் அந்தக் கையை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதான்.

வான் போனது. பாசல் மேசையிலேயே கிடந்தது.

"அதைத்தானே எடுக்கப் போனனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றாள் அக்கா. "நல்லகாலம், கை வழி தவறிப் போச்சு."