ஏரிக்கரையில் ஐந்து ரூபாய் வெளிச்சம்

நல்ல பொருள் ஒன்றை இலவசமாகக் கொடுத்தால், வாங்குகிறவருக்கே அது நட்டமாக முடியுமா? போன சனிக்கிழமையிலிருந்து இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. போய்வந்ததை வரிசையாக எழுதினால் தெளியுமோ என்று எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் சர்ச் சபையின் பெண்கள் ஐக்கியம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் சேர்த்த காணிக்கையில் சோலார் விளக்குகள் வாங்கி, மின்சாரம் இல்லாத ஒரு குடியிருப்புக்கு ஈஸ்டர் அன்று கொடுப்பதாகத் தீர்மானித்திருக்கிறது. முன்னதாக இடத்தைப் பார்த்துவரும் பொறுப்பு எனக்கு வந்தது. “நீ ஃபிசிக்ஸ் படிச்ச பொண்ணுதானே?” என்றார்கள். எனக்கு மறுக்கத் தெரியாது.

பிற்பகல் மூன்றரை மணிக்கு, சேலையூரில் எங்கள் தெருமுனையிலிருந்து ஆட்டோ. போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய். ஓட்டுநர் குமார் அண்ணா எங்கள் தெருக்காரர். என் மடியில் ஒன்பது மாதப் பாப்பா. மாமியாரிடம் விட்டு வந்திருக்கலாம். விட்டிருந்தால் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

“கொயந்தைய இந்த வெயில்லயா இட்டுகினு வருவ, அக்கா?” என்றார் குமார் அண்ணா.

திரும்பிவிடலாமா என்று யோசிப்பதற்குள் கேம்ப் ரோடு தாண்டிவிட்டது. “சொம்மா சொன்னேன். காத்து வருது பாரு, தானா தூங்கும்.” அவர் சொன்னபடியே ராஜகீழ்ப்பாக்கத்தில் பாப்பா தூங்கிவிட்டாள். மாடம்பாக்கம் கோயில் கோபுரம் வெயிலில் லேசாக ஆடுவதுபோல் தெரிந்தது. அகரம்தென் தாண்டியதும் வீடுகள் குறைந்து, மனை விற்பனைக் கொடிகள் வரிசையாகப் படபடத்தன. யாருமில்லாத ஊருக்குத் திருவிழா நடப்பதுபோல் இருந்தது. நானும் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்க வேண்டும்.

நாலரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கலாம். குடியிருப்பின் பெயரை எழுதவில்லை. அவர்களுக்குப் பட்டா இல்லை, என்னால் தொந்தரவு வரக்கூடாது. பட்டா இல்லாததால்தான் மின் இணைப்பும் இல்லை. கடைசி மின்கம்பம் தார்ச்சாலை முடியும் இடத்தில் நிற்கிறது. அங்கிருந்து ஏரிக்கரை மேல் ஐந்து நிமிட நடை. செங்கல் சூளையில் வேலை செய்பவர்களின் முப்பது வீடுகள் இருக்கும்.

முதல் வீடே மல்லிகா என்பவருடைய கடை. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. தகரக் கூரை மேல் இரண்டு சோலார் பலகைகள். கீழே பலகைத் தட்டில் விளக்குகள் வரிசையாக சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. பச்சைப் புள்ளிகள் மெல்லச் சிமிட்டின. ஓர் இரவுக்கு ஒரு விளக்கு ஐந்து ரூபாய் வாடகை. காலையில் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். செல்போன் சார்ஜுக்கும் ஐந்து ரூபாய். ஒரு சோலார் கம்பெனியிடம் தவணையில் வாங்கி, மூன்று வருடமாக நடத்துகிறாராம்.

“இப்போ பெருசா ஒரு பேனல் போடப் போறேங்க்கா. ஆறு வூடு சேந்தா கம்பெனிக்காரன் தவணைக்குக் குடுப்பான். ஆறு வூட்லயும் ஃபேன் ஓடும். சித்திரை வெயிலுக்கு முன்னாடி போட்டுடணும். மாசக் கடைசியில வரான், ஆறு பேரும் நிக்கணும்.”

ஆறு வீடுகளில் ஒன்று தேவி என்பவருடையது. மூன்று மாதக் கைக்குழந்தையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். குழந்தையின் கழுத்து மடிப்பு முழுக்க வேர்க்குரு. என் பையில் இருந்த பவுடர் டப்பாவை எடுத்தேன். கொடுத்தால் தப்பாக நினைப்பாரோ என்று திரும்ப வைத்தேன். பிறகு எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் குமார் அண்ணா டீ தம்ளரோடு வந்தார். “அக்காவ இன்னான்னு நெனச்சீங்க? ஈஸ்டருக்கு எல்லா வூட்டுக்கும் ஃப்ரீயா லைட்டு குடுக்கப் போறாங்கோ! சர்ச்சுல எல்லாம் ரெடி!”

பெருமையாகத்தான் சொன்னார்.

“எல்லா வூட்டுக்குமா?” என்றார் தேவி. நான் தலையை ஆட்டியிருக்கிறேன். “அப்போ மல்லிகா, கொஞ்சம் பொறு. சர்ச்சுல இன்னா குடுக்கறாங்கன்னு பாத்துட்டு சேந்துக்கறேன்.”

“அவுங்க குடுக்கறது லைட்டு. ஃபேன் இல்ல, தேவி.”

“லைட்டு குடுக்கறவங்க ஃபேன் குடுக்க மாட்டாங்களா?” பக்கத்திலிருந்த இன்னொரு பெண் சிரித்தார். “இனிமே இவ கடைய மூடிட்டு நம்மகூட சூளைக்கு கல்லறுக்க வந்துடுவா!” எல்லோரும் சிரித்தார்கள். மல்லிகாவும் சிரித்தார். ஆனால் அந்தப் பெண்ணும் ஆறு வீட்டில் ஒருவர். அவரும் பொறுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனபின் மெதுவாகக் கேட்டேன். “லைட்டுக்குப் பதிலா அந்தக் காசை உங்க புது பேனலுக்கே குடுத்துட்டா?”

“அப்போ அது சர்ச்சு பேனலாயிடும்க்கா. சர்ச்சு குடுத்ததுக்கு நீ இன்னாத்துக்குக் காசு வாங்கறன்னு கேப்பாங்க. காசு வாங்கலன்னா, நாளைக்கு பேட்டரி பூட்டா யாரு மாத்துவா? நீங்க வருவீங்களா?”

வருவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பாப்பாவைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தேன்.

“குடுக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஊரே என்னைத் திட்டும்,” என்றார் மல்லிகா.

ஆறரைக்கு ஆட்கள் விளக்கு வாங்க வந்தார்கள். வழியில் யாரும் அதைப் போடுவதில்லை, சார்ஜ் வீணாகிவிடுமாம். அணைந்த விளக்கை இடுப்போடு அணைத்துக்கொண்டு இருட்டோடு இருட்டாகக் கரைமேல் நடந்தார்கள். காலடிச் சத்தமும் பேச்சும் மட்டும் தூரத்தில் கேட்டன. பிறகு ஒரு வீடு வெளிச்சமானது. சற்றுத் தள்ளி இன்னொன்று. யார் வீடு சேர்ந்துவிட்டார்கள் என்று மல்லிகா பேர் சொல்லிக்கொண்டே வந்தார். ஏரித் தண்ணீரில் அந்த விளக்குகள் இன்னொரு முறை எரிந்தன. மேலே ஒரு விமானம் ஓசையில்லாமல் திரும்பியது. பாப்பா விழித்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை.

நடுவில் ஒரு வீடு மட்டும் இருட்டாகவே இருந்தது.

“அது யார் வீடு?”

“சாந்தி வூடு. இந்த வாரம் கூலி வரல. கடனா எடுத்துக்கோன்னா கேக்க மாட்டா. கூலி வந்தா வருவா.” அந்த வீட்டுக்குள் ஒரு குழந்தை சத்தமாகப் பாடம் சொல்வதுபோல் கேட்டது. இருட்டில் எப்படிப் படிக்க முடியும்? மனப்பாடமாக இருக்கலாம்.

திரும்பும்போது குமார் அண்ணா, “நான் எதனா தப்பா பேசிட்டனாக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். மாடம்பாக்கத்தில் தெருவிளக்குகள் ஆரம்பித்ததும் கண் கூசியது. ஏழே முக்காலுக்கு வீடு. பாப்பாவைத் தொட்டிலில் போட்டு, வழக்கம்போல் ஃபேனை மூன்றில் வைத்தேன். இந்தச் சுவிட்சைப் போட நான் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மாதக் கடைசி ஞாயிறு ஐக்கியக் கூட்டத்தில் நான் அறிக்கை சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர் மல்லிகாவைப் பார்க்க வருவது அதற்கு அடுத்த நாள். விளக்குகளைக் கொடுங்கள் என்று சொன்னால் ஆறு வீடு சேராது. தேவியின் குழந்தைக்கு இந்தக் கோடையில் ஃபேன் கிடையாது. எங்கள் விளக்குகள் பழுதானால் பார்க்க அங்கே கடையும் இருக்காது. கொடுக்க வேண்டாம் என்று சொன்னால் சாந்தியின் வீடு இருட்டாகவே இருக்கும். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் கொடுக்கலாமா? கடனே வாங்காதவர் தானம் வாங்குவாரா? ஒவ்வொன்றும் சரி என்று தோன்றுகிறது. பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் தப்பு என்றும் தோன்றுகிறது.

இதைப் படிக்கிறவர்கள், கூட்டத்தில் எழுந்து நான் என்ன சொல்லலாம் என்று தயவுசெய்து எழுதுங்கள். கொடுத்துப் பழகியவர்களின் யோசனை எங்கள் ஐக்கியத்திலேயே நிறைய இருக்கிறது. உங்களில் யாராவது ஒரு காலத்தில் இப்படி இலவசத்தை வரிசையில் நின்று வாங்கியிருந்தால், அன்றைக்கு உங்களுக்கு எப்படி இருந்தது என்று முதலில் சொல்லுங்கள்.